ஆலயத்தில் அடைக்கலமாகும் செய்திகள்

(திருவிழாச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழாக் காலத்தில் அன்னதானக் கூடத்தில் நடைபெறும் பேச்சு எப்போதும் சுவையானது. சாம்பாரின் காரத்தில் தொடங்கி, விலைவாசிக்குச் சென்று, நாடாளுமன்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் வந்து நிற்கும். அண்மை ஆண்டுகளில் அங்கே அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "எங்கே சென்றாலும் பெயர், எண், பிறந்த தேதி என்று கேட்கிறார்கள். கோயிலிலுமா கேட்க வேண்டும்?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் வயதானவர். பதில் சொல்பவர் பெரும்பாலும் அவருடைய பேரப்பிள்ளை. "எல்லாமே ஏற்கெனவே எல்லாரிடமும் இருக்கிறது, தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது அந்தப் பிள்ளை. தாத்தாவின் கேள்வி விடையின்றி நின்றுவிடுகிறது. சிந்திக்கத்தக்க கேள்வி அது.

அர்ச்சனைச் சீட்டு வாங்கும் அடியார் தம் பெயரையும் நட்சத்திரத்தையும் இராசியையும் சொல்கிறார். அவற்றைக் குருக்கள் சன்னிதியில் உரக்கச் சொல்லிச் சங்கல்பம் செய்கிறார். அருகில் நிற்கும் பத்துப் பேரின் காதிலும் அது விழுகிறது. தலைமுறை தலைமுறையாக இவ்வண்ணமே நடந்து வந்தும் எவரும் அதனை ஒரு குறையாகக் கருதியதில்லை. ஏனெனில் சொல்லப்பட்டது அங்கேயே கரைந்தது. தீபாராதனை முடிந்ததும் குருக்கள் அடுத்த பெயருக்குச் சென்றுவிடுவார். மாலைக்குள் அவருக்கே அது நினைவில் இராது.

இன்றைய நிலை வேறு. இணையவழியில் அர்ச்சனைக்குப் பதிவு செய்யும் அடியார் பெயர், நட்சத்திரம், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றைத் தாமே தட்டச்சு செய்து அனுப்புகிறார். சில இடங்களில் குடும்பத்தார் அனைவரின் பிறந்த தேதிகளையும் சேர்த்துத் தருகிறார். முன்பு சொன்ன அதே செய்திதான். ஆயினும் அது கரைவதில்லை. கணினியில் தங்குகிறது, படியெடுக்கப்படுகிறது, வேறொரு பட்டியலுடன் இணைக்கப்படுவதற்கும் இடம் தருகிறது. கேட்டவர் மறந்துவிடுவார் என்னும் நம்பிக்கையின்மேல் அமைந்த ஒரு வழக்கம், மறதியே இல்லாத ஓர் இயந்திரத்தின்மேல் ஏற்றப்பட்டுள்ளது. தாத்தாவின் மனத்தை உறுத்துவது இதுவே.

உண்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழர் ஆலயங்களில் உள்ள பொருள்களுள் அந்தரங்கத்தை மிகச் சிறப்பாகக் காப்பது உண்டியலே. ஐம்பது காசு இட்டவரும் ஐந்நூறு வெள்ளி இட்டவரும் அதன் முன்னே ஒன்றுபோல் நிற்கின்றனர். வேண்டுதல் நிறைவேறிய மகிழ்ச்சியில் இட்டாரா, வேதனை தாளாமல் இட்டாரா என்பது எவருக்கும் தெரியாது. திறந்து எண்ணும் நாளில் தொகை தெரியுமேயன்றிக் கொடுத்தவர் தெரியார். திருவிழா மலர்களின் உபயதாரர் பட்டியலிலும் இதே மரபுக்கு ஓர் இடம் உண்டு. பெயர்களுக்கு நடுவே "பெயர் வெளியிட விரும்பாத மெய்யன்பர்" என்று ஒரு வரி வருவதைப் பலரும் கண்டிருப்பர். யார் அவர் என்று ஊகிப்பதில் சிலருக்கு இன்பம் உண்டு என்பதும் மறுப்பதற்கில்லை! ஆயினும் அவ்வரியை அச்சிடும் பண்பு ஆலயங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது.

இப்போது உண்டியலின் பக்கத்திலேயே கட்டச்சதுரக் குறியீடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கிறது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளாத இளையோர் கைத்தொலைபேசியை அதன்முன் நீட்டி, 'பேநவ்' வழியாகக் காணிக்கை செலுத்துகின்றனர். நல்ல வசதிதான். உண்டியல் உடைக்கப்படும் கவலையும் குறைகிறது; சில்லறை எண்ணும் தொண்டூழியரின் முதுகுவலியும் குறைகிறது. ஆனால் அவ்வாறு செலுத்தப்பட்ட காணிக்கை நாள், நேரம், தொகை ஆகியவற்றுடன் வங்கிக் கணக்கில் பதிவாகிறது. பெரும்பாலும் அனுப்பியவரின் பெயரும் உடன் வருகிறது. கணக்கைப் பார்க்கும் உரிமை உடையவர், இன்னார் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு வெள்ளி செலுத்துகிறார் என்பதையும், இன்னார் சென்ற மாதம் நிறுத்திவிட்டார் என்பதையும் அறியக்கூடும். நிறுத்தியவருக்கு வேலை போயிருக்கலாம். வீட்டில் நோய் வந்திருக்கலாம். அது அவருக்கும் ஆண்டவனுக்கும் இடைப்பட்ட செய்தி. பழைய உண்டியல் அதனை எவருக்கும் சொன்னதில்லை.

கட்டச்சதுரக் குறியீட்டை அகற்ற வேண்டும் என்பது இதன் பொருளன்று. கணக்கு ஒழுங்காக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வெள்ளிக்கும் தணிக்கையாளர் முன் விளக்கம் தருதல் வேண்டும். ஆயினும் கணக்கைச் சரிபார்க்கும் கண் வேறு; அடியாரின் நிலையைக் கணிக்கும் கண் வேறு. பொருளாளரின் மேசையிலிருந்து தேநீர்க் கடை மேசைக்குச் சில அடிகளே தூரம் என்பதை ஆலய வழக்கம் அறிந்த எவரும் மறந்துவிடுவதில்லை.

தமிழ் இலக்கியத்தில் இதற்குரிய சொல் ஒன்று முன்னரே உள்ளது. அடைக்கலம் என்பது அச்சொல். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி இருக்கிறது. மதுரைக்குப் புறத்தே கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர் முதுமகளிடம் ஒப்படைக்கிறார். பின்னர் நிகழ்ந்தவற்றுக்கு மாதரி எவ்வகையிலும் காரணமல்லள். இருந்தும் தன் பொறுப்பில் விடப்பட்டவளைக் காக்க இயலவில்லையே என்று அவள் தீப்புகுந்தாள் என்று காப்பியம் கூறுகிறது. அவ்வளவு தூரம் இக்காலத்தில் எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் ஒப்படைக்கப்பட்டது ஒப்படைத்தவருடையதே, ஏற்றுக்கொண்டவர் காவலர் மட்டுமே என்னும் கருத்து அக்கதையில் தெளிவாக உள்ளது. அம்மனின் திருவாபரணங்கள் பெட்டகத்தில் வைக்கப்படுகின்றன, பட்டியலிட்டுச் சரிபார்க்கப்படுகின்றன. அடியாரின் பிறந்த தேதியும் அப்படிப்பட்ட ஓர் ஒப்படைப்புத்தான். அது ஏன் செயலாளரின் மடிக்கணினியில் கடவுச்சொல்கூட இன்றிக் கிடக்க வேண்டும்?

ஒரு நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்ட செய்தி வேறொரு நோக்கத்திற்குச் செல்லும்போது மக்கள் மனம் எவ்வாறு துடிக்கும் என்பதைச் சிங்கப்பூர் மிக அண்மையில் கண்டது. கொவிட்-19 கிருமித்தொற்று பரவத் தொடங்கியபோது, 2020 மார்ச் 20 அன்று 'டிரேஸ்டுகெதர்' செயலி அறிமுகம் கண்டது. யார் யாருக்கு அருகில் இருந்தார் என்பதைப் பதிவு செய்து, தொற்றியோரின் தொடர்புகளைக் கண்டறிவது அதன் நோக்கம். பிறகு, கையில் எடுத்துச் செல்லும் சிறு கருவியும் வழங்கப்பட்டது. அச்செய்திகள் தொடர்புகளின் தடமறிவதற்கு மட்டுமே பயன்படும் என்று மக்களிடம் சொல்லப்பட்டது, மக்களும் ஏற்றனர். ஆனால் 2021 ஜனவரி 4 அன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை அவற்றைப் பெற இயலும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஒரு கொலை வழக்கு விசாரணையில் அது முன்னரே நாடப்பட்டிருந்தது என்பதும் வெளிவந்தது. மக்களிடையே எழுந்த மனக்குறையை அடுத்து, அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று ஒரு சட்டத் திருத்தம் நிறைவேறியது. கொலை, பயங்கரவாதம் முதலான ஏழு வகைக் கடுங்குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அச்செய்திகளைப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கப்பட்டது.

இவ்விரு தேதிகளுக்கும் இடையில்தான் அவ்வாண்டின் தைப்பூசம் வந்தது. ஜனவரி 28. பாத ஊர்வலம் இல்லை, காவடிகள் இல்லை. ஆலயம் ஆயத்தம் செய்து வைத்த பால்குடம் மட்டுமே. அதற்கும் இணையவழியில் முன்பதிவு செய்து, குறித்த நேரத்தில் தேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்திற்கு வர வேண்டியிருந்தது. வாசலில் வருகைப் பதிவு. செய்தித்தாளில் அந்தச் சர்ச்சை. நெற்றியில் திருநீறு, வாயில் முகக்கவசம். அவ்வாண்டு பால்குடம் எடுத்த அடியார்கள் கேட்ட செய்திகளையெல்லாம் கொடுத்தனர். ஏனெனில் முருகனைக் காண வேறு வழி இல்லை. அவர்கள் கொடுத்தது ஒப்புதல் என்று சட்டம் சொல்லும். உள்ளத்தில் அது கட்டாயமாகவே இருந்தது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர்.

காவல்துறை ஒரு கொலையாளியைத் தேடியதில் தவறென்ன என்று அன்னதானக் கூடத்தில் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கொலையாளியைப் பிடிக்க வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மனக்குறை எழுந்தது, முன்னர்ச் சொன்ன சொல்லும் பின்னர்த் தெரியவந்த நிலையும் பொருந்தவில்லை என்பதால்தான். முதலிலேயே சொல்லியிருந்தால் மக்களிற் பெரும்பாலோர் இசைந்திருக்கவும் கூடும். 2023 பிப்ரவரியில் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அந்தக் கொலை வழக்குக்குரியவை தவிர, ஆள் அடையாளம் காட்டும் மற்றச் செய்திகள் அழிக்கப்பட்டதாக அரசாங்கம் அறிவித்தது. முடிந்தது முடிந்தது என்று அறிவித்து, வைத்திருந்ததை அழித்தது பாராட்டத்தக்க செயல். ஆலயங்கள் பின்பற்றத்தக்கதும்கூட.

அடையாள அட்டை எண்ணைப் பற்றியும் ஒரு சொல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நிறைவேறி, அதன் முதன்மை விதிகள் 2014 ஜூலை 2 முதல் நடப்புக்கு வந்தன. சட்டம் கோராத இடங்களிலும், ஒருவரை மிகத் துல்லியமாக அடையாளம் காணத் தேவையில்லாத இடங்களிலும் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணைப் பெறக்கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வரிக்கழிவுக்கு உரிய நன்கொடைக்கு அந்த எண் தேவைப்படும். அர்ச்சனைக்குத் தேவையில்லை. அன்னை காமாட்சி எவரிடமும் அடையாள அட்டை கேட்டதில்லை.

பின்னர் 2024 டிசம்பரில், வர்த்தகப் பதிவுக்குரிய அரசாங்க இணையவாசலில் எவரும் பிறருடைய முழு எண்ணையும் தேடிப் பார்க்கக்கூடிய நிலை ஏற்பட்டது. சில நாள்களில் அது நிறுத்தப்பட்டது. அமைச்சர்கள் மன்னிப்புக் கேட்டனர். அந்த எண் ஒருவருடைய பெயரைப் போன்றதே, அதனை இரகசியமாகவோ கடவுச்சொல்லாகவோ கருதக்கூடாது என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. நேற்று வரை மறைத்து வை என்றனர், இன்று பெயரைப் போன்றது என்கின்றனர் என்று குழம்பியோர் பலர். குழப்பத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் அவ்விளக்கத்திலும் உண்மை உண்டு. பலர் அறிந்த ஒன்றைப் பூட்டாகப் பயன்படுத்தினால் அது பூட்டாகாது. உறுப்பினர் பட்டியலைத் திறக்கும் கடவுச்சொல்லாகச் செயலாளரின் அடையாள எண்ணையோ பிறந்த தேதியையோ வைத்திருக்கும் சங்கங்கள் அதை இன்றே மாற்றுதல் நலம்.

மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் ஏன் அஞ்ச வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருப்பர். கருவறைக்குத் திரை போடுவது எதையும் மறைப்பதற்காக அன்று. அலங்காரம் நடைபெறும்போது திரை இருத்தல் முறை. முடிந்ததும் திரை விலகும். மணமாகாத மகளின் ஜாதகத்தைத் தாய் ஒருத்தி கைப்பையில் வைத்து, குருக்களிடம் மட்டும் தாழ்ந்த குரலில் காட்டுகிறாளே, அதில் என்ன குற்றம் இருக்கிறது? மகப்பேற்றுக்காகத் தொட்டில் கட்டும் இளம் தம்பதியர் எவரிடமும் சொல்லாமல் வருகின்றனரே, அவர்கள் எதைத் திருடினார்கள்? அச்சத்துக்குக் கண்முன்னே காரணமும் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் சிங்கப்பூரில் மோசடிகளால் பறிபோன தொகை 110 கோடி வெள்ளியைத் தாண்டியது. பெயரும் தொலைபேசி எண்ணும் குடும்ப விவரமும் அறிந்த மோசடிக்காரன், அறியாதவனைவிட எளிதில் நம்பப்படுகிறான்.

அரசாங்க அமைப்புகளுக்கு மேற்சொன்ன தரவுச் சட்டம் பொருந்தாதே, கோயிலுக்கு மட்டும் ஏன் என்று முணுமுணுப்போரும் உளர். பொதுத்துறை வேறொரு சட்டத்தின்கீழ் வருகிறது என்பதே அதற்கு விடை. அவ்விரண்டும் ஒரே அளவினவா என்று விவாதிக்கலாம். ஆனால் பதிவு பெற்ற சங்கமாக இயங்கும் ஆலயத்துக்குத் தரவுச் சட்டம் பொருந்துமா என்பதில் விவாதம் இல்லை. தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரையேனும் ஒவ்வோர் அமைப்பும் நியமித்தல் வேண்டும். அச்சட்டத்தின் நோக்கில் தொண்டூழியரும் ஊழியரே என்பதைப் பலர் அறியார். "நான் சும்மா உதவிக்குத்தானே வந்தேன்" என்பது விடையாகாது.

பெயர்களைப் பலர் அறியப் பொறிப்பது தமிழர் மரபு அல்லவா என்ற எதிர்வாதமும் உண்டு. உண்மைதான். 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் பொறித்த கல்வெட்டு, பல ஊர்த் தளிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருப்பவர் என்பதும் அதில் உண்டு. இன்றைய அலுவலகப் பட்டியல் தோற்றுவிடும்! அவர்கள் சம்மதம் கேட்கப்பட்டதாகக் கல்வெட்டுச் சொல்லவில்லை. ஆயினும் அது எதற்காக வெட்டப்பட்டது என்பதைக் காண வேண்டும். ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் பங்காக வகுக்கப்பட்டிருந்தது. அவர் மறைந்தால் அல்லது விலகினால், நெருங்கிய உறவினருள் தகுதி உடையவர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்யலாம் என்றும் விதிக்கப்பட்டது. பின்வரும் அதிகாரி எவரும் "இப்படி ஒருத்தி இல்லை" என்று நெல்லை மறுக்க முடியாதபடி கல்லே சாட்சி நின்றது. பெயர் வெளியிடப்பட்டது பெயருக்குரியவரின் உரிமையைக் காத்தது. உபயதாரர் பெயரை மலரில் அச்சிடுவதும் அவர் விருப்பத்துடன் நிகழும்வரை அவ்வகையினதே. கடன் தவணையில் திணறுபவரின் சந்தா பாக்கியை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அவ்வகையினது அன்று.

படமெடுப்பதைப் பற்றிச் சட்டத்தை நம்பிப் பயனில்லை. பலர் கூடும் பொது இடத்தில் எடுக்கும் படத்துக்குச் சட்டம் பெரும்பாலும் ஒப்புதல் கோருவதில்லை. தனிமனிதர் தம் சொந்த விருப்பத்திற்கு எடுப்பதையும் அது கட்டுப்படுத்தாது. ஆகவே பண்பாடுதான் காக்க வேண்டும். அலகு குத்தும்போது ஓர் இளைஞன் முகத்தில் தோன்றும் வேதனையும், அருள் வந்து தன்னை மறந்து ஆடும் பெண்ணின் நிலையும் ஒரு நிமிடத்தில் அவர்களுடைய அலுவலக நண்பர்கள் கைக்குச் சென்றுவிடுகின்றன. ஆடியவளுக்கு அந்த நிலை நினைவில் இராது. படத்துக்கு மட்டும் நினைவு இருக்கும். முன்பெல்லாம் அருள் வந்தவரைச் சுற்றி நான்கு பெண்கள் கைகோத்து நின்று, தலைமுடியைச் சரிசெய்து, புடைவையை இழுத்துவிட்டு, கண் திறந்ததும் தண்ணீர் கொடுப்பர். அந்த நால்வர் இன்றும் இருக்கின்றனர். ஆனால் இருவர் கையில் கைத்தொலைபேசி இருக்கிறது.

வாட்ஸ்அப் குழுக்களில்தான் அரசியலும் ஆலயமும் ஒன்றையொன்று உரசுகின்றன. பூசை நேரங்களை அறிவிப்பதற்காக அடியார்களின் எண்கள் திரட்டப்பட்டன. தேர்தல் வந்ததும் அதே குழுவில் வேட்பாளரைப் பற்றிய செய்தி ஒன்று நுழைகிறது. அனுப்பியவர் நல்லெண்ணத்துடனே அனுப்பியிருக்கலாம். அடியார் அரசியல் பேசக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. அன்னதானக் கூடத்தில் அது நின்றால் சோறே செரிக்காது. ஆனால் சமய நடவடிக்கை என்ற போர்வையில் அரசியல் நோக்கத்தை வளர்ப்பதை 1990-இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் தடுக்கும் வகைசெய்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, அந்த எண் பிரதோஷ நேரத்தை அறிவதற்காகத் தரப்பட்டது. வாக்குக் கேட்பதற்கு வேறு மேடை உண்டு. சமையல் பாத்திர வியாபாரத்துக்கும் அப்படியே!

இறுதியாக ஆலயக் கிடங்குகளைப் பற்றி ஒரு விண்ணப்பம். 2020, 2021 ஆண்டுகளில் கைத்தொலைபேசி இல்லாத முதியோர்க்காக வாசலில் குறிப்பேடுகள் வைத்த ஆலயங்கள் இருக்கக்கூடும். பெயர், அடையாள எண், தொலைபேசி எண் ஆகியவை அவரவர் கையெழுத்திலேயே அவற்றில் இருக்கும். நாடளாவிய பதிவே அழிக்கப்பட்ட பிறகு, அக்குறிப்பேடுகள் பழைய பந்தல் துணிகளுக்கும் வாழையிலைக் கட்டுகளுக்கும் நடுவே கிடப்பதற்குக் காரணம் ஏதுமில்லை. நோக்கம் முடிந்தபின் வைத்திருக்கக்கூடாது என்பது சட்டத்தின் விதியும்கூட. திருவிழா முடிந்து கிடங்கைத் துப்புரவு செய்யும் நாளில், செயலாளரும் மற்றோர் உறுப்பினரும் உடனிருந்து அவற்றைத் தேடி எடுத்து, பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடாமல், தாள் நறுக்கும் இயந்திரத்தில் இட்டு, இன்ன நாளில் அழிக்கப்பட்டது என்று குழுவின் கூட்டக் குறிப்பில் ஒரு வரி எழுதி வைக்கலாம். இயந்திரம் இல்லாத ஆலயம் அக்கம் பக்கத்து ஆலயத்திலிருந்து ஒரு நாள் இரவல் பெறலாம். அரை நாள் வேலைதான்.